வாதம் என்னும் சொல்லும் பள்ளிப் பிள்ளைகளின் இதயமும்: தென்திருவிதாங்கூர் எல்லையிலிருந்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலையில் பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, அமரவிளை, பாறசாலை என ஊர்கள் வரிசையாக வந்து, களியக்காவிளையில் மாநிலம் மாறுகிறது. மொழி அவ்வாறு ஒரு கோட்டில் மாறுவதில்லை. எல்லையின் இருபுறமும் தமிழும் மலையாளமும் ஒரே வீட்டிற்குள் புழங்குகின்றன. நோயின் பெயர்களும் அப்படியே கலந்து வழங்குகின்றன. அவற்றுள் 'வாதம்' என்ற சொல்லுக்கு மட்டும் தனி வரலாறு உண்டு. பள்ளிப் பிள்ளைகளைத் தாக்கும் ஒரு நோய் ஏன் நெடுங்காலம் கண்ணில் படாமலேயே போயிற்று என்ற கேள்விக்கான விடையின் ஒரு பகுதி அந்தச் சொல்லில் இருக்கிறது.

சித்த மருத்துவம் உடலின் இயக்கத்தை வளி, அழல், ஐயம் என்ற மூன்றால் விளக்குகிறது. வளியின் கேட்டால் வருவன வாத நோய்கள். யூகி முனிவர் பெயரால் வழங்கும் மருத்துவ மரபு அவற்றை எண்பதாகப் பகுக்கிறது. மக்கள் வழக்கில் அந்த எண்பதும் சுருங்கி இரண்டு பெரும் பொருள்களாயின. ஒன்று, உறுப்புச் செயலிழத்தல்: பக்கவாதம், முகவாதம். மற்றொன்று, மூட்டு வீங்கி வலித்தல்: கீல்வாதம், முடக்குவாதம். மலையாளத்திலும் இதே பகுப்புதான்: ஒருபுறம் பக்ஷவாதம், மறுபுறம் சந்திவாதம், ஆமவாதம்.

இவற்றுள் குழந்தைக்கு உரிய வாதம் எது? தமிழில் 'இளம்பிள்ளை வாதம்', மலையாளத்தில் 'பிள்ளவாதம்'. இரண்டும் குறிப்பது போலியோவை. பிள்ளையையும் வாதத்தையும் சேர்த்துச் சொன்னாலே கால் சூம்பிப்போன ஒரு குழந்தையின் உருவம்தான் இருமொழியாளர் மனத்திலும் எழுந்தது. மூட்டு வாதமோ முதியோருக்கு உரியதாகக் கருதப்பட்டது. எனவே எட்டு அல்லது பத்து வயதுப் பிள்ளை ஒன்று முழங்கால் வீங்கி வந்து நின்றபோது, அதற்குத் தக்க பெயர் ஊராரிடம் இல்லை. 'வளர்கிற பிள்ளைக்குக் கால் உளைவது இயல்பு' என்ற ஆறுதலே இருந்தது.

மருத்துவ மலையாளத்தில் அந்நோய்க்கு 'வாதப்பனி' என்று பெயர். தமிழில் 'வாதக் காய்ச்சல்' அல்லது 'ருமாட்டிக் காய்ச்சல்'. இங்கும் ஒரு சிக்கல் உண்டு. மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். பொதுத்தமிழில் அது குளிரையும் பனித்துளியையும் குறிக்கும். எல்லைப்புறத் தமிழில் பனி காய்ச்சலையும் குறித்து வழங்குவதுண்டு என்பதால் பேச்சில் இடர் குறைவு. பாடநூல் தமிழ் மட்டும் பயின்றவருக்கு 'வாதப்பனி' என்ற அச்செழுத்து எளிதில் விளங்காது. அதுபோலவே தமிழர் 'வலி' என்பதை மலையாளத்தார் 'வேதன' என்பர். மலையாளத்தின் 'வலிவ்' மூச்சிழுப்பைக் குறிக்கும். மூட்டு வலியும் மூச்சிழுப்பும் இந்நோயின் இரு வேறு கட்டங்களின் அறிகுறிகள் என்பதால் இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று.

ஐரோப்பிய மொழிகளின் வரலாறும் இதற்கு நெருக்கமானதே. 'ருமா' என்ற கிரேக்கச் சொல்லுக்கு ஒழுக்கு, பாய்வு என்று பொருள். தலையில் ஊறும் நீர் உடலுக்குள் வடிந்து மூட்டுகளில் தங்குவதால் நோய் வருகிறது என்று பண்டைய மருத்துவர் கருதினர். அங்கே நீர், இங்கே காற்று. ஓரிடத்தில் நில்லாமல் இடம் மாறும் வலியைக் கண்டே இரு மரபுகளும் பெயர் வைத்தன. அந்த அவதானிப்பு சரியானதே. வாதக் காய்ச்சலில் இன்று முழங்கால் வீங்கும். இரண்டு நாளில் அது வடிந்து கணுக்கால் வீங்கும். பின்னர் முழங்கை, மணிக்கட்டு. ஆனால் அந்தப் பாய்வு சென்று சேரும் இடம் மூட்டு அன்று, இதயம் என்பது 19ஆம் நூற்றாண்டு வரை தெளிவாகவில்லை.

1816இல் லென்னெக் ஸ்டெதஸ்கோப்பை உருவாக்கினார். அடுத்த இருபது ஆண்டுகளில், மூட்டுவாதத்துடன் வந்த நோயாளிகளின் மார்பில் அதை வைத்துக் கேட்ட பாரிஸ் மருத்துவர் பூயோ, இதயப் பாதிப்பு தற்செயலானதன்று, நோயின் பகுதியே என்று நிறுவினார். 1889இல் லண்டன் மருத்துவர் வால்டர் சீடில், குழந்தைகளிடம் இந்நோய் பெரியவர்களிடம் போல் வெளிப்படுவதில்லை என்று விளக்கினார். குழந்தைகளின் மூட்டு வலி மிக இலேசாகவே இருக்கலாம். இதயம் மட்டும் கடுமையாகத் தாக்குண்ணலாம். 1933இல் ரெபெக்கா லான்ஸ்ஃபீல்ட் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகளை வகைப்படுத்தியபின், தொண்டைப்புண்ணை உண்டாக்கும் 'ஏ' பிரிவுக் கிருமியே இதன் தொடக்கம் என்பது உறுதிப்பட்டது. 1944இல் டக்கெட் ஜோன்ஸ் நோயறியும் அளவுகோல்களைத் தொகுத்தார். அவை பலமுறை திருத்தப்பட்டு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றன.

நோய் நிகழும் விதம் இதுதான். ஐந்து முதல் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் தொண்டைப்புண் வருகிறது. சில நாளில் தானே ஆறியும் விடுகிறது. உடலின் எதிர்ப்பாற்றல் கிருமியின் புரதத்தை அடையாளம் கண்டு அதற்கு எதிரான படையைத் திரட்டுகிறது. அப்புரதத்தின் சாயல் இதய வால்வு, மூட்டு, மூளை ஆகியவற்றின் திசுக்களிலும் இருப்பதால், சிலருக்கு அந்தப் படை தன் உடலையே தாக்குகிறது. தொண்டைப்புண் வந்த இரண்டு மூன்று வாரங்களுக்குப் பிறகே காய்ச்சலும் மூட்டு வீக்கமும் தோன்றும். அதற்குள் தொண்டைப்புண் மறந்துபோயிருக்கும். மூட்டு வீக்கமும் ஊனம் எதுவும் வைக்காமல் தானே வடிந்துவிடும்.

தென்திருவிதாங்கூரில் இந்தக் கடைசிச் செய்தி மிகவும் கவனிக்கத்தக்கது. வர்ம ஆசான்களும் வைத்தியர்களும் மூட்டுக்குத் தைலம் இட்டுத் தடவும் மரபு வேரூன்றிய நிலம் இது. எண்ணெய் தடவிய சில நாளில் பிள்ளையின் கால் சரியாகிவிட்டது என்பது பொய்யன்று; தடவாவிட்டாலும் சரியாகியிருக்கும் என்பதே உண்மை. மாத்திரை கொடுத்த அலோபதி மருத்துவரும் இதே மயக்கத்துக்கு ஆளாகக்கூடும். மூட்டு குணமானதும் எல்லோரும் கலைந்து போயினர். இதய வால்வில் விழுந்த தழும்பு மட்டும் யாரும் கேளாமல் தங்கியது. மறுபடி மறுபடி தொண்டைப்புண் வர, தழும்பு தடித்தது. படி ஏறுகையில் மூச்சிரைப்பதும், பெண்ணாயின் முதல் கருவுறுதலின்போது திணறுவதுமே பலருக்கு நோயின் முதற் செய்தியாக அமைந்தன.

மருத்துவமனைகள் இல்லாத ஊரன்று இது. 1838இல் ஆர்ச்சிபால்டு ராம்சே நெய்யூரில் லண்டன் மிஷன் மருத்துவப் பணியைத் தொடங்கினார். 1860களில் ஜான் லோ அங்கே உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவ வகுப்பு நடத்தினார். எவரெஸ்ட் ஏற்றக் குழுக்களில் இருந்த அறுவை மருத்துவர் சோமர்வெல் 1920கள் முதல் அங்குப் பணியாற்றினார். அவர் பெயரால் அமைந்த மருத்துவக் கல்லூரி இன்று பாறசாலைக்கு வடகிழக்கே காரக்கோணத்தில் இருக்கிறது. நெய்யாற்றின்கரைக்கு வேறொரு சிறப்பும் உண்டு. 1920களின் இறுதியில் ராக்கஃபெல்லர் அறக்கட்டளையின் ஜேக்கக்ஸ் திருவிதாங்கூருக்கு வந்து கொக்கிப்புழு ஆய்வை மேற்கொண்டார். அதன் தொடர்ச்சியாக அறக்கட்டளையின் உதவியோடு ஊர்ப்புறச் சுகாதார அலகு ஒன்று நெய்யாற்றின்கரையில் நிறுவப்பட்டது. நோய் வந்தபின் மருந்து கொடுப்பதைவிட, வீடு தேடிச் சென்று நோய்க்கு முந்திக்கொள்வது அவ்வலகின் நோக்கம். இந்தியாவில் இவ்வகையில் அமைந்த தொடக்ககால முயற்சிகளுள் அது ஒன்று.

ஆயினும் அந்த நோக்கின் எல்லைக்குள் பிள்ளைகளின் இதயம் வரவில்லை. கொக்கிப்புழு, அம்மை, மலேரியா, வாந்திபேதி என வெப்பநாட்டு நோய்களின் பட்டியல் ஒன்று காலனியக்கால மருத்துவத்தில் வரையறுக்கப்பட்டிருந்தது. வாதக் காய்ச்சல் ஈரமும் குளிரும் நிறைந்த நாடுகளின் நோய் என்ற கருத்து 20ஆம் நூற்றாண்டின் முதற்பகுதியில் வலுவாக நிலவியது. அதைக் கேள்விக்குட்படுத்தியவர்கள் இந்தியாவில் நோயாளிகளை நேரில் கண்ட மருத்துவர்கள். 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னையில் பி. குட்டும்பையா தென்னிந்தியக் குழந்தைகளிடம் இந்நோய் இருப்பதை எழுதினார். பின்னர் டெல்லியில் எஸ். பத்மாவதி அதை நாடளாவிய சிக்கலாக முன்வைத்தார். 1963இல் சுஜாய் ராயும் உடன் ஆய்வாளர்களும் லான்செட் இதழில் வெளியிட்ட கட்டுரை, இந்தியாவில் இருபது வயதுக்கு முன்பே மைட்ரல் வால்வு சுருங்கிவிடுவதைக் காட்டியது. மேலைநாடுகளில் பல பத்தாண்டுகள் எடுக்கும் சிதைவு இங்குச் சில ஆண்டுகளில் நிகழ்ந்தது. தட்பவெப்பம் அன்று, நெருக்கமான குடியிருப்பும், சிகிச்சை பெறாத தொண்டைப்புண்ணும், மீண்டும் மீண்டும் வரும் தொற்றுமே காரணம் என்பது மெல்ல ஏற்கப்பட்டது.

இதே காலத்தில்தான் எல்லையும் வரையப்பட்டது. 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கோரிய பகுதிகளுள் ஒன்றான நெய்யாற்றின்கரை கேரளத்தில் தங்கியது. நெய்யூர் மருத்துவமனை ஒரு மாநிலத்திலும், அதுவரை அதை நாடிவந்த பாறசாலைச் சிற்றூர்கள் வேறொரு மாநிலத்திலும் அமைந்தன. நோயாளிகளின் கால்நடை நிற்கவில்லை, பதிவேடுகள் பிரிந்தன. பள்ளிச் சுகாதாரம், தடுப்பூசி, மருந்துக் கொள்முதல் ஆகிய ஒவ்வொன்றும் இரு அரசுகளின் இரு மொழிகளில் நடந்தன. தமிழ்ச் சிறுபான்மையர் அரசோடு தம் மொழியில் தொடர்புகொள்ள 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் வழி செய்திருக்கிறது. மனு எழுதும் உரிமைக்கும், மருத்துவரின் கேள்வியை ஒரு தாய் தன் மொழியில் கேட்டு விடை சொல்லும் வாய்ப்புக்கும் இடையே இன்னும் தொலைவு உண்டு.

முற்றிய நோய்க்கான மருத்துவத்தில் தென்னாடு பெரும் சாதனை புரிந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1950களில் வேரூன்றிய மூடிய மைட்ரல் அறுவை, 1983இல் ஸ்டான்லி ஜான் குழுவினர் 3,724 நோயாளிகளின் நெடுங்கால விளைவுகளை வெளியிடும் அளவுக்கு வளர்ந்தது. திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையம் 1980இல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாயிற்று. இறக்குமதி வால்வின் விலை ஏழைகளுக்கு எட்டாதிருந்த நிலையில், எம். எஸ். வலியத்தான் தலைமையில் அங்கே உள்நாட்டுச் செயற்கை வால்வு உருவானது. மூன்று வடிவமைப்புகள் தோற்று நான்காவது வென்றது; 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்கு அது பொருத்தப்பட்டது. பாறசாலையிலிருந்து அந்த மருத்துவமனை முப்பத்தைந்து கிலோமீட்டர் அளவே. இந்த அருகாமை எல்லைக் கிராமங்களுக்குப் பெரும் பேறு. ஆயினும் வால்வை மாற்றிக்கொண்டவர் வாழ்நாள் முழுதும் இரத்தம் உறையாமைக்கான மாத்திரை உண்ண வேண்டும். அடிக்கடி இரத்தப் பரிசோதனையும் வேண்டும். நெஞ்சைத் திறக்கும் நிலை வராமல் தடுக்கும் மருந்தோ அதற்கு நெடுங்காலம் முன்பே கிடைத்திருந்தது.

1950இல் அமெரிக்காவின் வயோமிங் மாநிலப் படைமுகாமில் நடந்த ஆய்வு, தொண்டைப்புண்ணுக்குப் பென்சிலின் கொடுத்தால் வாதக் காய்ச்சல் வராமல் தடுக்கலாம் என்று காட்டியது. தொண்டைப்புண் தொடங்கி ஒன்பது நாள் வரை காலம் இருக்கிறது. ஒருமுறை நோய் வந்துவிட்டவருக்குப் பென்சாத்தைன் பென்சிலின் ஊசியை மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை இட்டுவந்தால் அது திரும்புவதைப் பெரிதும் தடுக்கலாம். இதயம் தாக்கப்படாதவருக்குக் குறைந்தது ஐந்து ஆண்டுகள். தாக்கப்பட்டவருக்குப் பத்து ஆண்டுகளோ அதற்கு மேலோ. கடுமையாயின் வாழ்நாள் முழுவதும்கூட. மருந்து மலிவானது. மலிவானதாலேயே அதை உற்பத்தி செய்ய ஆர்வம் குறைந்தது. பல இடங்களில் தட்டுப்பாடு வந்தது. ஒவ்வாமையால் உயிரிழப்பு நேரலாம் என்ற அச்சத்தால் பல மருத்துவமனைகளில் ஊசி போடத் தயங்குகின்றனர். அத்தகைய விளைவு மிக அரிது. ஆயினும் ஊசிக்குப் பின் மயங்கி விழும் ஒரு பிள்ளையைக் கண்ட ஊர், நூறு பிள்ளைகளின் வால்வு காக்கப்பட்டதைக் கண்ணால் காண்பதில்லை.

ஆக, முன்கூட்டிக் கண்டறிதலே எஞ்சும் வழி. அதற்குப் பள்ளியே தக்க இடம், ஏனெனில் நோயின் வயதும் பள்ளியின் வயதும் ஒன்று. 2001-2002இல் வேலூர் மாவட்ட ஊர்ப்புறங்களில் ஜேக்கப் ஜோஸ், கோமதி ஆகியோர் 2,29,829 பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதித்து, ஆயிரத்துக்கு 0.68 என்ற அளவில் ருமாட்டிக் இதய நோயைக் கண்டனர். நோய் குறைந்துவருகிறது என்ற நம்பிக்கையை அது தந்தது. 2007இல் கம்போடியாவிலும் மொசாம்பிக்கிலும் நடந்த ஆய்வு வேறொன்றைச் சொன்னது. ஸ்டெதஸ்கோப் ஆயிரத்துக்கு இரண்டு பிள்ளைகளைக் காட்டிய இடத்தில், எக்கோ கருவி இருபதுக்கும் மேற்பட்டோரைக் காட்டியது. டெல்லிக்கு அருகே பல்லப்கரில் 6,270 பிள்ளைகளிடம் நடத்தி 2011இல் வெளியான ஆய்விலும் இதே போக்கு: காதால் கேட்டது 0.8, எக்கோவில் கண்டது 20.4. கேரளத்தில் 2,060 பள்ளிப் பிள்ளைகளிடம் எக்கோ கொண்டு நடத்தி 2015இல் வெளியான ஆய்வு ஆயிரத்துக்கு 5.83 என்றது. அவ்வாய்வின் தலைப்பே, கேரளத்தில் இந்நோய் மறைந்துவருகிறதா என்ற கேள்விதான்.

கேரளத்தின் எண் பல்லப்கரின் எண்ணில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. கல்வி, குடியிருப்பு, ஆரம்பச் சுகாதார நிலையங்களின் அருகாமை ஆகியவை சேர்ந்து ஈட்டிய பயனாக இதைக் கருத இடமுண்டு. ஆனால் மாநிலச் சராசரி ஒரு மாநிலத்தின் விளிம்பைப் பற்றி எதுவும் சொல்லாது. கடலோர மீனவக் குடியிருப்புகளும், கிழக்கே மலையடிவார ஊர்களும், இருமொழி எல்லைக் கிராமங்களும் அந்த ஒற்றை எண்ணுக்குள் கரைந்துபோகின்றன.

எக்கோவில் தெரியும் நுண்ணிய மாற்றம் எல்லாம் நோயாக முற்றுமா என்பது நெடுநாள் விவாதம். முற்றாதவற்றுக்கும் ஊசி போட்டால் ஒரு பிள்ளையை வீணாக நோயாளியாக்குவதாகும். 'இதயத்தில் கோளாறு' என்ற ஒரு சொல், விளையாட்டுத் திடலிலிருந்தும், பின்னாளில் திருமணப் பேச்சிலிருந்தும் ஒரு பெண்ணை ஒதுக்கப் போதுமானது. 2021இல் வெளியான உகாண்டா ஆய்வு இவ்விவாதத்துக்குத் திடமான அடித்தளம் தந்தது. வெளியே தெரியாத நிலையில் இருந்த 818 இளம்பிள்ளைகள் அதில் இரு பிரிவாக்கப்பட்டனர். இரண்டு ஆண்டுகளில் ஊசி பெற்றோரில் 0.8 விழுக்காட்டினருக்கும், பெறாதோரில் 8.2 விழுக்காட்டினருக்கும் நோய் முற்றியது. முன்கூட்டிக் கண்டறிவதில் பயன் உண்டு. ஆனால் கண்டறிந்தபின் ஊசி தவறாமல் தொடர்ந்தால் மட்டுமே. தொடர வழியில்லாத இடத்தில் கண்டறிவது அச்சத்தை மட்டுமே விட்டுச்செல்லும்.

2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டம், பிறப்பு முதல் 18 வயது வரை கண்டறிய வேண்டிய நிலைகளுள் ருமாட்டிக் இதய நோயையும் சேர்த்திருக்கிறது. எனவே எல்லையின் இருபுறப் பள்ளிகளுக்கும் மருத்துவக் குழு வருவதற்கான அடிப்படை இன்று உண்டு. ஆனால் அக்குழு ஒரு நாளில் காண்பதை, ஆசிரியர் ஆண்டு முழுதும் காண்கிறார். வாதக் காய்ச்சலின் ஒரு வெளிப்பாடான சிடன்ஹாம் கொரியாவில் பிள்ளையின் கைகால்கள் தன் வயமின்றி அசையும். எழுத்து கோணும், கையிலிருந்த பேனா நழுவும், காரணமின்றி அழுகை வரும். தொண்டைப்புண் வந்து மாதங்கள் கழிந்தும் இது தோன்றலாம். வகுப்பறையில் இதற்குக் கிடைக்கும் பெயர்கள் 'கவனக்குறைவு', 'சேட்டை'. குட்டுப்பட வேண்டிய பிள்ளையன்று, எக்கோ எடுக்கப்பட வேண்டிய பிள்ளை. இன்னொன்றும் ஆசிரியர் கண்ணில் படும். காலையில் விறைத்த மூட்டுடன் நொண்டி வந்து, பகல் ஏற ஏறச் சரியாகும் பிள்ளைக்கு, ஆறு வாரத்துக்கு மேல் அது நீடித்தால், சிறார் மூட்டழற்சி இருக்கலாம். அது வாதக் காய்ச்சலினின்றும் வேறான நோய். அதற்கு மூட்டுகளோடு கண்களையும் பரிசோதிக்க வேண்டும். 'வாதம்' என்ற ஒரே சொல் இவ்விரண்டையும் சேர்த்து மூடிவிடுகிறது.

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து நூல்களை வெளியிட்டார். நோயாளியின் மொழியில் மருத்துவன் சிந்திக்க வேண்டும் என்பது அம்முயற்சியின் அடிப்படை. எல்லைக் கிராமத்துப் பள்ளியில் இன்று தேவைப்படுவதும் அதுவே. தொண்டைப்புண், இடம் மாறும் மூட்டு வீக்கம், கோணிப்போன எழுத்து, படியேறுகையில் மூச்சிரைப்பு ஆகிய நான்கையும் தமிழிலும் மலையாளத்திலும் தெளிவாகச் சொல்லும் ஒரு தாள். எந்த மாநில மருத்துவமனைக்குச் சென்றாலும் பிள்ளையோடு கூடவே செல்லும் ஓர் ஊசி அட்டை. இவ்விரண்டுக்கும் ஆகும் செலவு ஒரு செயற்கை வால்வின் விலையில் மிகச் சிறு பங்கே.

'இளம்பிள்ளை வாதம்' என்ற சொல் ஊரெங்கும் அறியப்பட்டிருந்தது. அந்நோயை ஒழிக்க நாடே திரண்டது. 2014இல் இந்தியா போலியோ அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. பெயர் அறியப்பட்ட பிள்ளை நோய் ஒன்று ஒழிந்தது. பெயர் சரியாக அமையாத மற்றொன்று, மூட்டு வலி என்ற போர்வையில், சில பிள்ளைகளின் நெஞ்சுக்குள் இன்னும் இருக்கிறது.